பக்கத்துக் காலி மனையைச் சுத்தம் செய்ய வைப்பது எப்படி: சர்வே எண்ணிலிருந்து முள்வேலி வரை

சென்னைப் புறநகர், கோவை, திருச்சி, மதுரை என்று எந்த ஊரை எடுத்தாலும், முப்பது வருடங்களுக்கு முன் போட்ட மனைப்பிரிவுகளில் தெருவுக்கு ஒன்றிரண்டு மனை இன்னும் வீடு கட்டாமலே கிடக்கும். வாங்கியவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், அல்லது இறந்துபோய் வாரிசுகள் பாகம் பிரிக்காமல் இருப்பார்கள். இதற்கிடையில் தெருவில் சாலை மேல் சாலை போட்டு மட்டம் ஏறிவிடும், சுற்றியுள்ள வீடுகளும் மண்ணடித்து உயர்ந்துவிடும். நடுவில் அந்த மனை மட்டும் தொட்டி மாதிரி தாழ்ந்து நிற்கும். மழைநீர் அங்கே தேங்கும், சீமைக்கருவேலம் முளைக்கும். யாராவது ஒருவர் கட்டட இடிபாட்டை ஒரு லோடு கொட்டினால் போதும், அடுத்த வாரமே அது தெருவின் குப்பைமேடு.

குப்பையை அள்ளுவது ஒருநாள் வேலை. அந்த மனைக்குப் பொறுப்பு யார் என்று காகிதத்தில் நிலைநாட்டுவதுதான் கஷ்டமான வேலை. அதைச் செய்யாமல் தெருவே சேர்ந்து காசு போட்டு ஜேசிபி வைத்துத் தள்ளினால், ஆறு மாதத்தில் மனை பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும்.

தொடங்க வேண்டிய மாதம் ஜூன் அல்லது ஜூலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிவிட்டால் ஜேசிபி சேற்றில் சிக்கும், அதிகாரிகளும் வெள்ள வேலைக்குப் போய்விடுவார்கள். கடிதம், மனு, பதில் எல்லாம் சேர்ந்து மூன்று மாதமாவது பிடிக்கும்.

இடம் யாருடையது?

சர்வே எண் தெரியாது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும்: "வடக்கே 15-ஆம் எண் மனை, தெற்கே 23 அடி ரோடு" என்று. அந்த 15-தான் நீங்கள் தேடும் மனை. ஒரே மனைப்பிரிவு என்பதால் சர்வே எண்ணும் பெரும்பாலும் உங்களுடையதாகவோ அடுத்த உட்பிரிவாகவோ இருக்கும்.

சர்வே எண்ணும் மனை எண்ணும் கிடைத்ததும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரம், அதாவது அந்தச் சொத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கிராமம், சர்வே எண் கொடுத்தால் அந்த எண்ணில் பதிவான எல்லா மனைகளும் கொட்டும். அதில் உங்களுக்கு வேண்டிய மனை எண்ணின் கடைசிக் கிரயத்தைத் தேடி, வாங்கியவர் பெயரையும் ஆவண எண், வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்லங்கத்தில் முழு முகவரி இருக்காது. அதே ஆவணத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தால் வாங்கியவரின் முகவரி கிடைக்கும். வருவாய்த்துறையின் இணைய சேவைத் தளத்தில் பட்டாவையும் பார்க்கலாம். ஆனால் பழைய மனைப்பிரிவுகளில் உட்பிரிவு செய்யாமல், பட்டா இன்னும் பழைய விவசாயி பெயரிலோ மனை போட்டவர் பெயரிலோ நிற்கும். பட்டாவை மட்டும் நம்பி அந்த விவசாயியின் பேரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது வழி காலிமனை வரி. உள்ளாட்சியில் பதிவாகியிருந்தால் பில் கலெக்டருக்கு உரிமையாளரின் தற்போதைய முகவரி தெரிந்திருக்கும். உங்களிடம் அதைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். வரியே போடாத மனை என்றால் அதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள். வரி வராத சொத்து என்றால் வருவாய்ப் பிரிவுக்கே தனி அக்கறை வந்துவிடும்.

தேடிப் பார்த்ததில் தனியார் மனை இல்லை என்று தெரிந்தால் பாதையே வேறு. மனைப்பிரிவு வரைபடத்தில் "பூங்கா" என்று ஒதுக்கிய திறந்தவெளி இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட வேண்டியது. எழுதப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் எழுதாமலே விட்டு, பின்னாளில் அதையும் மனையாக விற்ற கதைகள் நிறைய உண்டு. புறம்போக்கு என்றால் வட்டாட்சியர், கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர், வீட்டுவசதி வாரிய மனை என்றால் வாரியத்தின் கோட்ட அலுவலகம். நீதிமன்ற வழக்கில் உள்ள இடமானாலும் கொசு ஒழிப்புக்குத் தடை இல்லை. "கோர்ட்டில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினால், உரிமை பற்றி நாங்கள் கேட்கவில்லை, தேங்கிய நீரைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

தெருவின் குப்பை

யாருக்கும் பிடிக்காத பகுதி இது. அந்த மனையில் கிடப்பதில் பெரும்பங்கு அதே தெருக்காரர்களுடையதுதான்: வாழைமட்டை, பழைய மெத்தை, கழிவறைப் பீங்கான், தேங்காய் ஓடு. சுகாதார ஆய்வாளர் வந்து நிற்கும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கவர் பறந்து விழுந்தால் உங்கள் மனு அங்கேயே முடிந்தது. சிலர் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை மதில் வழியே அந்த மனைக்குள் விட்டிருப்பார்கள். நோட்டீஸ் முதலில் அவர்களுக்குத்தான் வரும், கூடவே தெருவின் ஒற்றுமையும் போகும். மனு எழுதுவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி, வீடு வீடாகப் பேசி, குழாயை அடைக்கச் செய்யுங்கள். குப்பை வண்டி வரும் நேரத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். வண்டி காலை 7 மணிக்கு வர, தெருவில் பாதிப் பேர் 6.30-க்கே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என்றால் குப்பை மனைக்குப் போவதன் காரணம் அதுதான். நேரத்தை மாற்றக் கேட்பது தனி மனு.

எரிக்க மட்டும் விடாதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பதற்கு 25,000 ரூபாயும் தண்டம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது.

ஆதாரம்

ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், வாரம் ஒரு படம் எடுங்கள். தேதியும் இடக்குறியும் படத்திலேயே பதியும் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு வாரப் படங்கள் வரிசையாக இருந்தால் "நேற்றுத்தான் யாரோ கொட்டினார்கள்" என்ற பதில் எடுபடாது.

கொசுப்புழுவைக் காட்டுவது இன்னும் பலமான ஆதாரம். வெள்ளை பிளாஸ்டிக் கப்பில் தேங்கிய நீரை மொண்டு, ஒரு நிமிடம் அசையாமல் வைத்தால் புழுக்கள் மேலே வரும். அப்போது படம் எடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாறும் சாக்கடையை விட டயர், தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் கப் இவற்றில் நிற்கும் தெளிந்த நீரைத்தான் விரும்பும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பாத்திரமே போக வேண்டும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. மனை ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் போட்டுவிட்டுப் போகும் பிளீச்சிங் பவுடர் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

உரிமையாளருக்கு முதல் கடிதம்

தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்கு உள்ள பெரிய பயம் குப்பை அல்ல, ஆக்கிரமிப்பு. வேறொருவர் 12 வருடம் தன் இடம்போல் எதிரிடையாக அனுபவித்தால் உரிமை போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அதனால் மிரட்டும் கடிதம் வந்தால் வக்கீலிடம் போவார், பயத்தைப் போக்கும் கடிதம் வந்தால் போனில் பேசுவார். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம். தங்களுக்குச் சொந்தமான ... நகர், மனை எண் 15-இல் மழைநீர் தேங்கிக் கொசுப்புழு உற்பத்தியாகிறது. வெளியாட்கள் கட்டட இடிபாடு கொட்டுகிறார்கள். படங்கள் இணைத்துள்ளோம். மனையின் எல்லைக்கற்கள் இடிபாட்டில் மறைந்துவருவதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இம்மனையில் எங்களுக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை. 15 நாட்களுக்குள் தாங்களோ தங்கள் பொறுப்பாளரோ வந்து சுத்தம் செய்து வேலி அமைக்கக் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் எழுத்தில் அனுமதி தந்தால் ஆள், வண்டி ஏற்பாடு செய்து, கணக்கையும் படங்களையும் அனுப்பி உதவத் தயாராக உள்ளோம்."

எல்லைக்கல் பற்றிய அந்த ஒரு வரிதான் பெரும்பாலும் வேலை செய்யும். 2025-இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டதால், விநியோகச் சான்றுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளாட்சிக்கு மனு

"பக்கத்து மனையைச் சுத்தம் செய்து தரவும்" என்று எழுதினால் "தனியார் இடம், நடவடிக்கை எடுக்க இயலாது" என்று இரண்டே நாளில் புகாரை மூடிவிடுவார்கள். தப்பு கேட்ட விதத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "1939-ஆம் ஆண்டு தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின்படி இம்மனையைத் தணிக்கை செய்து, பொதுத் தொல்லையை அகற்ற உரிமையாளருக்கு நோட்டீஸ் அளித்து, அவர் தவறினால் உள்ளாட்சியே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டுகிறோம்." இதற்குத் தனியார் இடம் என்பது பதிலாகாது. அந்தச் சட்டம் தனியார் இடத்துக்கும் சேர்த்துத்தான்.

மாநகராட்சி என்றால் மண்டல சுகாதார அலுவலருக்கு, ஆணையருக்கும் மாநகர நல அலுவலருக்கும் நகல் வைத்து. நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர். ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவரும் செயலரும், நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஒரு மனுவில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். தேங்கிய நீரும் புழுவும் சுகாதாரப் பிரிவுக்கு, சாலை வரை வழியும் இடிபாடு பொறியியல் பிரிவின் உதவிப் பொறியாளருக்கு, மின்கம்பியில் உரசும் கிளை மின்வாரியத்துக்கு (அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987). ஒரே தாளில் மூன்றையும் எழுதினால் மூன்று பேரும் அடுத்தவர் வேலை என்பார்கள்.

திறந்த கிணறோ மூடாத ஆழ்துளைக் குழாயோ இருந்தால் அது தனி அவசரம். 2019-இல் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கைவிட்ட குழாயை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மேலே சாக்கு போட்டுக் கல் வைப்பது மூடியதாகாது. இதற்கு மட்டும் 15 நாள் காத்திருக்காமல் அன்றே ஆட்சியர் அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் தெரிவியுங்கள்.

கையெழுத்து 15 முதல் 20 வீடுகள் போதும், ஒவ்வொன்றுக்கும் கதவு எண் இருக்க வேண்டும். வீட்டில் டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தவர் யாராவது இருந்தால், அவர் சம்மதித்தால் மட்டும், அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். மனுவை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே நாளில் சென்னையானால் 1913, மற்ற ஊரானால் முதல்வர் உதவி மையம் 1100 வழியாகவும் பதிந்து, புகார் எண்ணை நகலின் மேல் எழுதி வையுங்கள்.

மனுவோடு, ஊர்மக்கள் கூடும் சபையிலும் இதை எழுப்பலாம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 2022 முதல் பகுதி சபை நடக்கிறது. கிராம ஊராட்சியானால் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபையில் பேசிவிட்டு வருவதில் பயன் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புகார் மூடப்பட்டால்

முப்பது நாளில் நோட்டீஸ் போகவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய வெள்ளைத் தாள் போதும். உரிமையாளரின் போன் எண்ணைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று தள்ளிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எங்கள் மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது? இடத்தைத் தணிக்கை செய்த அலுவலரின் பதவி, தேதி, அறிக்கை நகல் தருக. நோட்டீஸ் அனுப்பியிருந்தால் நகல் தருக, அனுப்பவில்லை என்றால் கோப்பில் பதிவான காரணம் தருக. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல நேரம் பதிலுக்கு முன்பே ஆய்வாளர் மனைக்கு வந்துவிடுவார், ஏனென்றால் தணிக்கை அறிக்கை இல்லாமல் அதன் நகலைத் தர முடியாது.

அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியர். பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு. அந்தப் பழைய பிரிவைப் பிடித்துத்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் சாக்கடை நாற்றத்துக்காக நகராட்சிக்கு எதிராகவே உத்தரவு வாங்கினார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு போனது. பணம் இல்லை என்பது காரணமாகாது என்று 1980-இல் தீர்ப்பு வந்தது. மனுவில் "எங்களுக்குத் தொல்லை" என்று எழுதாமல் "இத்தெருவில் செல்லும் பொதுமக்களுக்கு" என்று எழுதுங்கள். இரு வீட்டுக்கிடையே உள்ள தகராறு என்று தோன்றினால் இந்தப் பிரிவு பொருந்தாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு கதவு நிரந்தர மக்கள் நீதிமன்றம். துப்புரவுச் சேவை அதன் வரம்புக்குள் வருகிறது, நீதிமன்றக் கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று இலவசச் சட்ட உதவி எண் 15100-இல் கேட்கலாம்.

சுத்தம் செய்யும் நாள்

உரிமையாளரின் எழுத்து அனுமதியோ உள்ளாட்சியின் நேரடி வேலையோ இல்லாமல் மனைக்குள் இயந்திரத்தை இறக்காதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் வரும். வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே" போதாது என்றில்லை, ஆனால் மனை எண், தேதி, என்ன வேலை என்பதெல்லாம் அந்தச் செய்தியிலேயே இருக்கட்டும்.

முதல் வேலை எல்லைக்கல். நான்கு மூலையையும் தேடிப் பிடித்து, சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு, படம் எடுங்கள். ஜேசிபியின் வாளி எல்லைக்கல்லைப் பெயர்த்துவிட்டால் குப்பைப் பிரச்சினை தீர்ந்து நிலத் தகராறு தொடங்கும்.

அளவைக் கணக்குப் போடாமல் வண்டி பேசாதீர்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சராசரி ஓர் அடி உயரத்துக்கு இடிபாடு இருந்தால் 2,400 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி, ஆக 24 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் எட்டு நடை. ஜேசிபிக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு உண்டு, வந்துபோகும் நேரத்தையும் அதில் சேர்ப்பார்கள். வண்டிக்காரர் இடிபாட்டை எங்கே கொட்டப் போகிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த நகரின் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் கேள்வி உங்களிடம்தான் வரும். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன.

பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சாரைதான் அதிகம், ஆனாலும் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் இடிபாட்டுப் பொந்தில் தங்கும். காலை வெளிச்சத்தில், கால் மூடிய கம்பூட்ஸுடன், நீண்ட கம்பால் தட்டிவிட்டு, வீட்டு மதில் ஓரத்திலிருந்து திறந்த பக்கம் நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். தெருப்பக்கமிருந்து தொடங்கினால் பாம்பு வீடுகளுக்குள் ஒதுங்கும். அன்று அக்கம்பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் துளைகளையும் பின்கதவையும் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்காமல் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த பிறகு வெட்டினால் விதையை நீங்களே தூவியதாகும். தோல் அரிப்போ இளைப்போ உள்ளவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டுக்கு ஐந்து தண்டாகத் துளிர்க்கும். ஓர் அடி ஆழம் தோண்டி வேர்முண்டைப் பெயர்த்தால்தான் தீரும். ஜேசிபி இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

இடிபாட்டைப் பக்கத்து மதில் ஓரமாகத் தள்ளி ஒதுக்க ஓட்டுநர் பார்ப்பார், விடாதீர்கள். மழையில் நனைந்த மண்ணின் அழுத்தத்தில் நான்கரை அங்குல மதில் வயிறு தள்ளிவிடும். குழிகளை மூடி, பின்பக்கமிருந்து தெருப்பக்கம் சரிவு கொடுத்து மட்டம் தட்டச் சொல்லுங்கள். 60 அடி நீளத்துக்கு ஏழு அங்குலச் சரிவு போதும். தெருமட்டமே உயரம் என்றால் மண் நிரப்பாமல் நீர் வடியாது, அந்தச் செலவு உரிமையாளருடையது. அதை முன்கூட்டியே அவரிடம் பேசிவிட வேண்டும்.

வேலியும் அதன் பிறகும்

40-க்கு 60 அடி மனைக்குச் சுற்றளவு 200 அடி. எட்டு அடிக்கு ஒரு கல்தூண் வீதம் 25 தூண். ஏழடித் தூணில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக்கு இரண்டு முட்டுக்கல் கொடுக்காவிட்டால் கம்பி இழுக்கும் இழுப்பில் மூலைத்தூண் சாய்ந்துவிடும். ஐந்து வரிசை முள்கம்பிக்கு 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர். பூட்டுள்ள கதவு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை புல் வெட்ட வேலியையே பிரிப்பார்கள். உரிமையாளர் பெயரும் மனை எண்ணும் போட்ட பலகை, தெருவிளக்கு, முடிந்தால் எதிர்வீட்டுக் கேமராவின் பார்வை. லோடு கொட்டுகிறவர்கள் இரவில்தான் வருவார்கள்.

மதிலில் சாமி படம் ஒட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. குப்பை இருபது அடி தள்ளிப் போய் விழும், அவ்வளவுதான். மனைக்குள் பிள்ளையார் கல் மட்டும் நட்டுவிடாதீர்கள். அன்றிலிருந்து உரிமையாளர் உங்களை நம்ப மாட்டார்.

கீரை, வாழை போட உரிமையாளர் சம்மதித்தால் 11 மாத அனுமதிக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். "குத்தகை" என்ற சொல்லே அதில் வர வேண்டாம். இடம் உள்ளாட்சியின் பூங்கா நிலமாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் தெருவின் பங்கைக் கட்டி, மீதியை அரசிடம் கேட்கலாம்.

புல் வெட்டும் இயந்திரம் வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும்: செப்டம்பர் கடைசியில் ஒன்று, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று. செப்டம்பர் வெட்டு முடிந்ததும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, கூலியை அப்போதே கேட்டு வாங்குங்கள். ஜனவரிக்குள் அவர் எண் மாறியிருக்கலாம்.